மேசையின் இரு பக்கமும்: பள்ளி உளவியலில் மாற்றுத்திறனாளி வல்லுநர்கள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் சுமார் 15 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 75 லட்சம் பேர், சிறப்புக் கல்விச் சட்டத்தின்கீழ் உதவி பெறுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வாசிப்பதில் சிக்கலா, கவனம் நிலைப்பதில் சிக்கலா, எந்த உதவி கொடுத்தால் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பில் பெரும்பங்கு பள்ளி உளவியலாளருடையது. தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள், பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள், சத்தமில்லாத அறை என்று அவர் நாள்தோறும் பரிந்துரை எழுதிக்கொண்டே இருக்கிறார்.

அந்த உளவியலாளருக்கே கண் தெரியாவிட்டால், காது கேட்காவிட்டால், அவரே சக்கர நாற்காலியில் வருபவராக இருந்தால், அவருக்கே ஆட்டிசமோ மனச்சோர்வோ இருந்தால் என்ன நடக்கிறது? பிள்ளைகளுக்காக இத்தனை வழிகளைக் கண்டுபிடித்த தொழில், தன் ஆட்களுக்காக என்ன செய்திருக்கிறது? வரலாறு, சட்டம், பயிற்சி, கருவிகள், பணியிடம் என ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்வுக்கு வேண்டிய அறிவு இந்தத் தொழிலின் கையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் அது கடைப்பிடிக்கும் முறையைத் தன் விஷயத்திலும் கடைப்பிடிக்க வேண்டும்.

தொழில் வளர்ந்த விதம்

1896-இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார். அங்கே முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தவித்த ஒரு சிறுவன். அழைத்துவந்தவர் ஓர் ஆசிரியை. 1915-இல் கனெக்டிகட் மாநிலம் ஆர்னால்டு கெசலைப் ‘பள்ளி உளவியலாளர்’ என்ற பதவிப் பெயரோடு நியமித்தது. பின்தங்கியிருந்த பிள்ளைகளைச் சோதித்தறிவது அவர் வேலை. 1954-இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த தேயர் மாநாடு இந்தத் தொழிலுக்கு என்ன படிப்பு, என்ன பயிற்சி வேண்டும் என்று விவாதித்தது. 1969-இல் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் பிறந்தது. 1975-இல் வந்த சட்டம், எந்தக் குறைபாடு இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை என்றது. மதிப்பீடு செய்யாமல் உதவி கிடையாது என்றும் அது விதித்ததால், பள்ளி உளவியலாளர் இல்லாமல் மாவட்டக் கல்வி அலுவலகம் இயங்க முடியாத நிலை வந்தது.

இந்த வரலாறு நெடுகிலும் மாற்றுத்திறனாளிக்கு ஒரே இடம்தான் இருந்தது: சோதிக்கப்படுபவர் உட்காரும் நாற்காலி. சோதிப்பவர் திடகாத்திரமானவர், நன்றாகப் பார்ப்பவர், தெளிவாகப் பேசுபவர் என்பது யாரும் எழுதிவைக்காத விதி. எழுதிவைக்காததால் யாரும் அதைக் கேள்வி கேட்கவும் இல்லை.

சட்டம் திறந்த கதவும் திறக்காத கதவும்

பள்ளிகள் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கத் தயங்கிய கதைக்கு ஜூடி ஹியூமன் நல்ல சாட்சி. குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கியவர். சக்கர நாற்காலியில் வந்ததால், தீ விபத்து ஏற்பட்டால் ஆபத்து என்று புரூக்ளினில் மழலையர் பள்ளியிலேயே சேர்க்க மறுத்தார்கள். பின்னர் ஆசிரியர் தகுதிக்கான எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் தள்ளினார்கள். 1970-இல் நியூயார்க் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற நீதிபதியிடம் போனதும் வாரியம் இறங்கிவந்தது. அந்த நகரத்தில் சக்கர நாற்காலியில் பாடம் நடத்திய முதல் ஆசிரியர் அவர்தான். 1993 முதல் 2001 வரை அமெரிக்கா முழுவதற்குமான சிறப்புக் கல்வித் துறைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மருத்துவப் பரிசோதனையோடு அவர் கதை முடிந்திருந்தால் அந்த நாட்டின் பிள்ளைகள் எதை இழந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தில் 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்றது. அரசுப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் விதிமுறைகள் வெளிவராமல் நான்கு ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் உள்ளே புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேல் நகராமல் உட்கார்ந்தார்கள். அந்த மாதமே விதிமுறைகளில் கையெழுத்தாயிற்று. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் இடங்களிலெல்லாம் ‘நியாயமான ஏற்பாடு’ செய்துதர வேண்டும் என்றது. நீதிமன்றங்கள் மாற்றுத்திறன் என்பதற்கான வரையறையைச் சுருக்கிக்கொண்டே போனபோது, 2008-இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து அதை மீண்டும் விரித்தது. வாசித்தல், கவனம் செலுத்துதல், சிந்தித்தல் ஆகியவற்றில் உள்ள தடைகளும் விட்டுவிட்டு வரும் நோய்களும் அதற்குள் தெளிவாக அடங்கின. மனச்சோர்வு, வலிப்பு, கற்றல் குறைபாடு உள்ள உளவியலாளர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இந்தத் திருத்தம்தான்.

சட்டத்தின் மையத்தில் ஒரு கருத்து இருக்கிறது. ஒரு வேலையின் இன்றியமையாத கடமை எது, அதைச் செய்யும் வழக்கமான வழி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடமையை விட்டுத்தர வேண்டியதில்லை, வழியை மாற்றலாம். பள்ளி உளவியலாளர் பிள்ளைக்குச் செய்வதும் இதுவேதான். கணக்கு தெரியுமா என்று பார்க்கும் தேர்வில் வினாவை யாராவது வாசித்துக் காட்டலாம். வாசிக்கத் தெரியுமா என்று பார்க்கும் தேர்வில் அப்படிச் செய்யக் கூடாது. இந்த வேறுபாட்டை ஆசிரியர்களுக்கு விளக்கிச் சொல்பவர் உளவியலாளர்தான்.

பயிற்சியின் வாசலில்

இந்தத் தொழிலுக்கு வர முதுநிலைப் படிப்பு வேண்டும், அதோடு 1,200 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். அதில் பாதியாவது பள்ளியில் நடக்க வேண்டும். பலருக்கு முதல் தடை இங்கேயே வந்துவிடுகிறது.

பள்ளி முடியும்வரை பிள்ளைக்குத் தேவையானதைக் கண்டறிவது பள்ளியின் கடமை. கல்லூரி வாசலில் அந்தப் பொறுப்பு முழுவதும் மாணவர் தலையில் விழுகிறது. சிறப்புக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு பள்ளிப் படிப்போடு முடிந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் வாசிப்புக் குறைபாட்டோடு படித்த ஒருவர், கூடுதல் நேரம் கேட்டால் புதிய மதிப்பீட்டு அறிக்கை கொண்டுவரச் சொல்கிறார்கள். தனியாரிடம் அதைப் பெற ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். நாளை அதே மாதிரி அறிக்கையை மற்றவர்களுக்காக எழுதப்போகிறவர், தன் அறிக்கைக்குப் பணம் இல்லாமல் நிற்க நேர்கிறது.

எல்லா நேரத்திலும் நீதிமன்றம் கைகொடுத்துவிடவில்லை. செவித்திறன் குறைந்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பெண்ணைச் செவிலியர் பயிற்சியில் சேர்க்க மறுத்தது வட கரோலினா கல்லூரி ஒன்று. 1979-இல் உச்ச நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது. 504-ஆம் பிரிவு பற்றி அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன முதல் வழக்கு அது. பயிற்சித் தரத்தைக் குறைக்கத் தேவையில்லை என்ற அந்த வாதம் இன்றும் பல துறைகளின் பேச்சில் கேட்கிறது. தரம் முக்கியம்தான். ஆனால் எது தரம், எது பழக்கம் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

உளவியல் பயிற்சியில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் அனுபவங்களை எமிலி லண்ட், எரின் ஆண்ட்ரூஸ் போன்றவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் செய்திகள் இரண்டு. பயிற்சிக் காலத்தில் பாகுபாட்டைச் சந்தித்தவர்கள் கணிசம். தன்னைப் போன்ற மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தவர்கள் சொற்பம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை: இன்று பயிற்சியில் பாதியில் விலகுபவரே பத்தாண்டு கழித்து வழிகாட்டியாக இருந்திருக்க வேண்டியவர்.

கட்டைகளும் நிறுத்தக் கடிகாரமும்

தடை எங்கே இருக்கிறது என்பதை ஒரு சோதனையை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் கட்டை அடுக்கும் பகுதி ஒன்று உண்டு. சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்காகப் பாதி சிவப்பு பாதி வெள்ளை என்று இருக்கும் கனசதுரக் கட்டைகள். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துப் பிள்ளை அதே வடிவத்தை அடுக்க வேண்டும். சோதிப்பவர் கட்டைகளைக் கலைத்து வைக்க வேண்டும். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப வேண்டும். கையேட்டில் உள்ள வாசகத்தை ஒரு சொல் மாறாமல் சொல்ல வேண்டும். நிறுத்தக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். பிள்ளை எந்தக் கட்டையில் தடுமாறியது, எப்போது திருத்திக்கொண்டது, எப்போது சலித்துக்கொண்டது என்று கவனித்து, அடுத்ததற்குப் போகும் முன் குறித்துவைக்க வேண்டும்.

கை நடுங்கும் ஒருவருக்குக் கட்டையும் கடிகாரமும் தடை. பார்வையற்றவருக்குப் படமும் குறிப்புத்தாளும் தடை. திக்கிப் பேசுபவருக்குச் சொல் மாறாமல் சொல்வது தடை. ஆனால் இந்த வேலையின் சாரம் எது? கட்டையைக் கலைப்பது பயிற்சி பெற்ற உதவியாளர் செய்யக்கூடியது. இந்தப் பிள்ளை ஏன் இப்படி அடுக்கியது, வகுப்பில் வடிவியல் வராததற்கும் இதற்கும் என்ன உறவு, இந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்று முடிவுசெய்வதே உளவியலாளரின் அறிவு. நரம்பியல் உளவியலில் சோதனையைப் பயிற்சி பெற்ற உதவியாளர் நடத்தி, உளவியலாளர் பொருள் சொல்லும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அங்கே அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

தொழில்நுட்பம் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. இரண்டு டேப்லெட்டுகளில் நடத்தும் சோதனை முறைகளில் நேரக் கணக்கும் மதிப்பெண்ணும் தானாகவே பதிவாகின்றன. அதே மென்பொருள் திரை வாசிப்பானோடு ஒத்துழைக்காவிட்டால் பார்வையற்றவருக்குப் பழைய தடை போய்ப் புதிய தடை வந்துவிடும். சோதனைகளை உருவாக்குபவர்கள் எல்லா வகைப் பிள்ளைகளையும் கணக்கில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லா வகைச் சோதனையாளரையும் கணக்கில் எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

பள்ளியின் ஒரு நாள்

500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்கிறது தேசியச் சங்கம். நாட்டின் சராசரியோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஒருவர். ஆகவே ஒருவரே இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்க்கிறார். சோதனைப் பெட்டிகளைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டு ஓடுகிறார். வேலை விளம்பரத்தில் ஓட்டுநர் உரிமமும் கனமான பெட்டியைத் தூக்கும் வலுவும் கேட்கப்படுகின்றன. ஒரே பள்ளியில் பணி ஒதுக்கினாலோ, பள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்தாலோ இந்த நிபந்தனைகள் தேவைப்படாது.

கட்டடங்களின் நிலையும் சொல்லும்படி இல்லை. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றில் இரண்டு பங்கு பள்ளி மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகள் நுழையவோ நடமாடவோ தடையான பள்ளிக் கட்டடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை மனத்தில் வைத்து வெளிவந்த அறிக்கை அது. அந்தப் படிகளும் குறுகிய கழிப்பறைகளும் அங்கே வேலைபார்ப்பவரையும்தான் தடுக்கின்றன.

ஐஇபி எனப்படும் தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், தலைமையாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் என ஏழெட்டுப் பேர் ஒரே மேசையைச் சுற்றி. அம்மா அழுகிறார், ஆசிரியர் குறுக்கிடுகிறார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். காது மந்தமான உளவியலாளர் யார் உதட்டைப் பார்ப்பது? ஒருவர் பேசி முடித்தபின் அடுத்தவர் பேசுவது, பேசுவதை உடனுக்குடன் எழுத்தில் காட்டும் வசதி, சைகைமொழிபெயர்ப்பாளர் என்று ஏற்பாடு செய்தால் கூட்டம் அவருக்கு மட்டும் எளிதாவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கும் அப்போதுதான் பேச்சு புரிகிறது.

ஏற்பாடு என்றாலே பெருஞ்செலவு என்ற பயம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வேலையிட ஏற்பாடுகள் குறித்து ஆலோசனை வழங்கும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் முதலாளிகளிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டு வந்திருக்கிறது. ஏறத்தாழ பாதி ஏற்பாடுகளுக்குச் செலவே இல்லை. செலவான இடங்களில் ஒருமுறைச் செலவு பெரும்பாலும் சில நூறு டாலர்களுக்குள் அடங்குகிறது. ஏடிஎச்டி உள்ள ஒருவருக்கு வாரத்தில் ஒரு முற்பகலை அறிக்கை எழுதுவதற்கென்று ஒதுக்கித்தருவதற்கு ஒரு காசும் ஆகாது.

சொல்வதா, மறைப்பதா

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களின் வேதனை வேறு வகை. வேலை உறுதியாகும் முன் நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது, கிடைத்த மருத்துவ விவரத்தைத் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. ஆனால் ஏற்பாடு வேண்டுமென்றால் வாய்திறந்து கேட்டாக வேண்டும். கேட்டதும், இவரை நம்பிப் பிள்ளைகளை விடலாமா என்ற சந்தேகம் சிலர் கண்ணில் எட்டிப் பார்க்கிறது. தற்கொலை எண்ணத்தோடு வரும் மாணவரிடம், உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும் தொழில் இது. அதையே தன் சக ஊழியர் சொல்லத் தயங்கும்படி வைத்திருப்பது பெரிய முரண்.

மார்ஷா லினெஹன் தற்கொலை எண்ணம் கொண்டவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதன் பாடங்களைப் பள்ளிகளிலும் வளரிளம் பருவத்தினருக்குக் கற்பிக்கிறார்கள். இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011-இல்தான். அத்தனை புகழ் பெற்றவருக்கே பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன என்றால், சென்ற ஆண்டு வேலையில் சேர்ந்தவர் வாய்மூடி இருப்பதைக் குறை சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு என்ன பயன்

1817-இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளியின் முதல் ஆசிரியர்களில் ஒருவர் பிரான்சிலிருந்து வந்த லோரன் கிளெர்க்; அவரும் காதுகேளாதவர். 1870 வாக்கில் அமெரிக்கக் காதுகேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் காதுகேளாதவர்கள். 1880-இல் காதுகேளாதோர் கல்வி பற்றி மிலானில் நடந்த மாநாடு, வகுப்பறையில் பேச்சு மட்டுமே போதும் என்று தீர்மானித்தது. அங்கே கூடியவர்களில் ஏறத்தாழ எல்லாருமே காது கேட்பவர்கள். பேச்சைக் கற்பிக்க இயலாதவர்கள் என்று காதுகேளாத ஆசிரியர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்; 1917 வாக்கில் அந்த 40, சுமார் 15 ஆகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் தங்கள் மொழியில் பேசும் பெரியவரை இழந்தார்கள். வல்லுநர் வரிசையிலிருந்து மாற்றுத்திறனாளிகளை அகற்றினால் பாதிப்பு எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மறுதிசைக்கும் சான்று இருக்கிறது. வாஷிங்டனில் காதுகேளாதோருக்கென்று இயங்கும் கேலடெட் பல்கலைக்கழகம் பள்ளி உளவியலுக்கான படிப்பை நடத்துகிறது. சைகைமொழியில் வளர்ந்த பிள்ளையை அதே மொழியில் சோதிப்பவருக்கு, பிள்ளைக்குத் தெரியாதது எது, கேள்வி போய்ச் சேராதது எது என்ற வேறுபாடு தெரியும்.

உளவியலாளர் பியட்ரிஸ் ரைட் 1960-இல் எழுதிய நூலில், வெளியிலிருந்து பார்ப்பவரும் அனுபவிப்பவரும் ஒரே நிலையை வேறுவிதமாகப் புரிந்துகொள்வதை விளக்கினார். வெளியாள் கண்ணுக்கு உடற்குறையே எல்லாத் துன்பத்துக்கும் காரணமாகப் படும். உள்ளிருப்பவருக்குப் படிக்கட்டும் பார்வைகளும் காரணமாகத் தெரியும். மதிப்பீட்டு அறிக்கையில் இந்த இரண்டாம் பார்வை இடம்பெற்றால் பரிந்துரையே மாறும்.

இரண்டு எதிர்வாதங்கள்

முதலாவது, பாதுகாப்பு. மூர்க்கமாகும் பிள்ளையை உளவியலாளர் தடுக்க முடியாவிட்டால்? நெருக்கடிக்கு எந்தப் பள்ளியும் ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது. குழு அமைத்து யார் என்ன செய்வது என்று பிரித்துக்கொள்வதே முறை. உடலால் தடுக்கும் வேலை ஒருவருக்கு, பேசி அமைதிப்படுத்தும் வேலை இன்னொருவருக்கு.

இரண்டாவது, சோதனையின் நம்பகத்தன்மை. நடத்தும் விதம் மாறினால் மதிப்பெண்ணை நாடு முழுவதுக்குமான அளவுகோலோடு ஒப்பிட முடியுமா? இது நேர்மையான கேள்வி. எங்கே மாற்றம் மதிப்பெண்ணைப் பாதிக்கும், எங்கே பாதிக்காது என்று ஆய்வு செய்து சொல்ல வேண்டும். பாதிக்கும் இடத்தில் அந்தச் சோதனையைச் சக உளவியலாளரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பகுதிக்கு உதவியாளர் வேண்டியிருக்கிறது என்பதற்காக முழு ஆளையும் ஒதுக்குவதற்கு இந்தக் கேள்வி சாக்காகிவிடக் கூடாது.

மாற்றுத்திறனாளி உளவியலாளருக்கு எல்லாப் பிள்ளையின் மனமும் தானாகவே புரியும் என்று நினைப்பதும் தவறு. பார்வையற்றவருக்கு ஆட்டிசம் பற்றித் தனி அறிவு எதுவும் பிறப்பிலேயே வராது. படிப்பும் பயிற்சியும் எல்லாருக்கும் தேவை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அனைவரையும் அவர் பக்கம் தள்ளிவிடுவதும் ஒதுக்குவதில் இன்னொரு வகையே.

இந்தியாவுக்கு வந்த கருத்து

நியாயமான ஏற்பாடு என்ற கருத்து ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற உடன்படிக்கை வழியாக நமக்கும் வந்தது. 2007-இல் இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது. அமெரிக்கா இன்னும் செய்யவில்லை. நம் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில், எழுதுவதில் சிக்கல் உள்ள தேர்வருக்கு எழுத்தர் மறுக்கப்படக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 மார்ச்சில், பார்வையற்றவர் என்பதற்காக நீதிபதிப் பதவி மறுக்கப்படக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையில், நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது.

இந்தக் கடைசிச் செய்தியால்தான் இந்தப் பேச்சு நமக்கு அவசரமாகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் வெகுகாலமாகவே திறம்படப் பணியாற்றுகிறார்கள். பள்ளி உளவியல் இங்கே இப்போதுதான் வேர்விடுகிறது. அமெரிக்கா கட்டிமுடித்த வீட்டை இடித்துச் சாய்தளம் வைக்கிறது. நாம் அடித்தளம் போடும்போதே வைக்கலாம்.

செய்ய வேண்டியவை

படிப்பு நடத்தும் துறைகள் களப்பயிற்சி தொடங்கும் முன்பே மாணவரோடு உட்கார்ந்து ஏற்பாடுகளைப் பேசி முடிக்க வேண்டும். முன்பு ஏற்கப்பட்ட குறைபாட்டுக்குப் புதிய அறிக்கை கேட்பதை நிறுத்த வேண்டும். சோதனை நிறுவனங்கள் கையேட்டிலேயே, நடத்துபவருக்கான மாற்று வழிகள் எவை என்று எழுத வேண்டும். கல்வி அலுவலகங்கள் பணி விவரத்தில் இன்றியமையாத கடமைகளை மட்டும் குறிப்பிட வேண்டும்; ஏற்பாட்டுச் செலவைப் பள்ளியின் தலையில் கட்டாமல் பொதுநிதியிலிருந்து தர வேண்டும். அப்போது தலைமையாசிரியருக்குத் தயங்கக் காரணம் இருக்காது. தொழில்சார் சங்கங்கள் மூத்த மாற்றுத்திறனாளி உளவியலாளர்களை இளையவர்களோடு இணைக்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் விலகுகிறார்கள் என்று முறையாகக் கணக்கெடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இந்தத் தொழிலுக்குப் புதிய பாடம் அன்று. பிள்ளைக்கு எது தெரிய வேண்டும், அதை எந்த வழியில் காட்டலாம் என்று நூறாண்டுகளுக்கும் மேலாக இது பிரித்துப் பார்த்து வந்திருக்கிறது. அதே கேள்வியைத் தன் ஊழியரைப் பார்த்தும் கேட்கும் நாளில்தான், பிள்ளைக்கு எழுதும் பரிந்துரையை இந்தத் தொழில் முழுமனத்தோடு நம்புகிறது என்று நாம் சொல்ல முடியும்.